பாலத்தடியில் போன வேன்

விபத்தில் நசுங்கிய வண்டிகளுக்குச் சேத மதிப்பு போடுவதுதான் மதிப்பீட்டாளரின் தொழில். பம்பரைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டது அவருடைய தங்கை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடுமுறை விட்டால் போதும், அண்ணன் அலுவலகத்தில் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். துப்பு என்று ஒன்று கிடைத்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் வந்த பெண் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். கண் ஆஸ்பத்திரிகளுக்கு லென்ஸ் அனுப்பும் கிடங்கு ஒன்றில் ஆறு வருடமாக வேன் ஓட்டுகிறவள்.

"என்னைத் திருடின்னு சொல்றாங்க சார். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பெட்டி வரலேன்னா போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாராம் முதலாளி. கேஸ்னு ஒண்ணு வந்துட்டா அப்புறம் எவன் என்னை நம்பி வண்டிச் சாவியக் குடுப்பான்? எனக்கு வேற தொழில் தெரியாது."

வியாழக்கிழமை வண்டிகளில் சரக்கு ஏற்றும்போது ஒரு லென்ஸ் பெட்டி காணாமல் போயிருக்கிறது. இருப்பு சரிபார்த்த திங்கட்கிழமைதான் தெரிந்தது. முதலாளி உடனே அவள் வேனிலிருந்த ஜிபிஎஸ் கருவியைக் கழற்றி, வண்டி போய்வந்த தடத்தைப் பார்த்தார். வியாழன் காலை பதினொன்றே காலிலிருந்து நாற்பது நிமிடம் வண்டி ஒரு லென்ஸ் வியாபாரியின் பின்வாசலில் நின்றதாக அதில் இருந்தது. அந்தச் சிவப்புப் புள்ளியை மட்டும் அவளிடம் காட்டினார்.

"அந்த நேரத்துல எங்க இருந்தீங்க?" என்று கேட்டார் மதிப்பீட்டாளர்.

"ரெண்டு ஆஸ்பத்திரிக்கு நடுவுல, மரத்தடியில வண்டிய போட்டுட்டு சாப்பிட்டேன். கொஞ்சம் கண்ணசந்தேன். சாட்சிக்கு யாரு இருக்கா?"

"ஜிபிஎஸ் எப்பவும் வண்டியிலதான் இருக்குமா?"

"கண்ணாடியில ஒட்டினது ஒட்டினபடி இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் ரிப்பேர்காரர் கழட்டிட்டுப் போனாரு. புது மேப் பழைய மெமரியில கொள்ளலையாம். பிரிச்சு உள்ள பெரிய மெமரி போட்டுக் குடுத்தாரு. அதுலேர்ந்து அதுக்குப் புத்தி கலங்கிப்போச்சு சார். 'வீடு'ன்னு அழுத்தினா யாரோ வீட்டு வாசலுக்கு வழி சொல்லுது."

தங்கை கேட்டுக்கொண்டே ஏதோ படம் போட்டுக்கொண்டிருந்தாள். மதிப்பீட்டாளர் தொலைபேசியை எடுத்தார். முதலாளியின் வண்டிகளுக்கு அவர்தான் வழக்கமாகச் சேதம் மதிப்பிடுகிறவர் என்பதால், வேனையும் கருவியையும் ஒரு மணி நேரம் தர முதலாளி மறுக்கவில்லை.

கிடங்கு முற்றத்தில் இரண்டு வேன்கள் நின்றன. ஒன்று சின்னது, ஆள் உயரம்தான். அதை ஓட்டுவது முதலாளியின் மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி. இன்னொன்று இவளுடையது. மருந்துகளும் ஏற்றுவதால் அதன் கூரைமேல் குளிர்சாதனப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது.

வியாழக்கிழமைத் தடத்தைத் திரையில் வைத்து, அதன்படியே ஓட்டச் சொன்னார். பத்தாவது நிமிடம் ஒரு ரயில் பாலம் வந்தது. நூறடிக்கு முன்பே அவள் வண்டியை ஓரம் கட்டிவிட்டாள்.

"இப்படித்தான் போனேனாமா? நான் இந்தப் பக்கமே வர்றதில்ல சார். மேல இருக்கற பெட்டி இடிக்கும்."

தங்கை குதித்திறங்கி உயரப் பலகையைப் படித்தாள். இரண்டேகால் மீட்டர். வேனின் கதவில் எழுதியிருந்த உயரம் இரண்டே முக்கால். கோடு மட்டும் பாலத்துக்கு அடியில் ஜம்மென்று நுழைந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணா! யாரோ இந்த ஜிபிஎஸ்ஸைத் திருடி வேற வண்டில மாட்டி ஓட்டிருக்காங்க!"

"அன்னிக்கு முழுக்க அது இவங்க வண்டிக் கண்ணாடியிலதான் இருந்துச்சு."

"அப்போ பாலத்தை யாராவது தூக்கிப் பிடிச்சாங்களா?"

"நீ பசங்களுக்கு மார்க் போடறப்பவும் இப்படித்தான் அவசரப்படுவியா?" என்றார் மதிப்பீட்டாளர். "கருவி அதேதான். வியாழக்கிழமை அதுக்குள்ள இருந்த மெமரிதான் இப்ப இல்லை."

அன்று மாலை ஐந்து மணிக்கு எல்லாரும் கிடங்கு அலுவலகத்தில் கூடினார்கள். முதலாளி மேஜைக்குப் பின்னால் இருந்தார். மச்சான் ஜன்னலோரம் கைகட்டி நின்றான். ரிப்பேர்காரர் வேலையைப் பாதியில் விட்டு வந்த எரிச்சலில் இருந்தார். வேன் ஓட்டும் பெண் உட்காரவே இல்லை.

மதிப்பீட்டாளர் கருவியை மேஜைமேல் வைத்தார். "இதுல 'வீடு'ன்னு இருக்கு பாருங்க. அழுத்துங்க."

முதலாளி அழுத்தினார். திரையில் வந்த தெருவைப் பார்த்து அவர் நெற்றி சுருங்கியது. "இது என் மாமனார் வீடாச்சே!"

"மேப் மாத்தினதுல அழிஞ்சிருந்தா அந்த இடம் காலியா இருக்கணும். ஆனா வேற ஒருத்தர் வீடு இருக்கு. உங்க மச்சான் வண்டியோட ஜிபிஎஸ்ஸையும் பாத்தீங்களா?"

"பாத்தேன். வியாழக்கிழமை தடமே இல்ல. அன்னிக்கு ஆன் பண்ணலேன்னான்."

"புதன்கிழமை?"

மச்சானின் கருவியும் வந்தது. தங்கை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். குரல் போகப்போக ஏறியது. "காலை எட்டு இருபத்திரண்டு, ரெண்டும் பெட்ரோல் பங்க்ல. ஒம்பது நாலு, ரெண்டும் ஒரே சிக்னல்ல. அதுக்கு முந்தின செவ்வாயும் இப்படியே, திங்களும் இப்படியே! வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்தான் ஆளுக்கொரு பக்கம் போகுது."

மதிப்பீட்டாளர் ரிப்பேர்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க வேலை செஞ்ச விதத்தைச் சொல்லுங்க."

"அதுல என்ன சார் இருக்கு? அடியில ரப்பர எடுத்தா நாலு ஸ்க்ரூ. பேட்டரி ஒயரைப் பிரிச்சிட்டு உள்ள இருக்கற மெமரி கார்ட எடுக்கணும். வெறும் மேப்ப மட்டும் புதுக் கார்டுல போட்டா மெஷின் உசுரே பிடிக்காது. பழசுல இருக்கறத ஒண்ணு விடாம அச்சு அசலா இறக்கி, அதுக்கு மேல புது மேப்ப ஏத்தணும். ஒரு கார்டுக்கு ஒன்றரை மணி நேரம் இழுக்கும்."

"நீங்க எத்தனை பழைய கார்டை இறக்கினீங்க?"

ரிப்பேர்காரர் காதைச் சொறிந்தார். "முதலாளி மத்தியானமே வேணும்னு காலுல சுடுதண்ணி ஊத்தினாரு. ரெண்டும் ஒரே மாடல். மேப்பும் ஒண்ணுதான். அதனால ஒண்ண இறக்கி... ரெண்டுக்கும் அதையே போட்டுட்டேன். மேப்தானே சார் கேட்டாங்க?"

"எந்த வண்டியோடது?"

"சின்ன வண்டி. அதுதான் முதல்ல கைக்கு வந்தது."

மச்சான் கட்டிய கையை அவிழ்த்தான். "அவரு சௌகரியத்துக்கு மாத்திச் சொல்றாரு. இதெல்லாம் ஒரு ஆதாரமா?"

"இல்லைதான்," என்றார் மதிப்பீட்டாளர். "வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வியாழக்கிழமைத் தடத்தை உங்க கருவியில அழிச்சிட்டீங்க. அது இவங்க கருவிக்கும் போயிருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. திங்கட்கிழமை தெரிஞ்சப்போ தப்பிச்சோம்னு வாயை மூடிக்கிட்டீங்க. எதுக்கும் பழைய கார்டு ரெண்டையும் கொண்டுவரச் சொல்லிருந்தேன்."

ரிப்பேர்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். எந்த வண்டியுடையது என்று இரண்டிலும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தார். சோம்பேறிதான், ஆனால் எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை. பெரிய வேனின் கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினார்கள். வியாழன் பதினொன்றே காலுக்கு வண்டி ஆற்றோரச் சாலையில், ஒரு மரத்தடியில் நின்றிருந்தது. சின்ன வேனின் கார்டில் கோடு பாலத்தடியில் நுழைந்து வியாபாரியின் பின்வாசலில் முடிந்தது.

முதலாளி எழுந்து அந்தப் பெண்ணிடம் வந்தார்.

"மனசுல வச்சிக்காதம்மா. காலைல வழக்கம்போல வண்டிய எடு. இவன் விஷயத்த நாங்க வீட்டுக்குள்ள பேசித் தீத்துக்கறோம்."

அவளுக்குக் கண் கலங்கியது. கோபத்தில்தான். மேஜைமேல் நாளைக்கென்று தட்டச்சு செய்து வைத்திருந்த புகார் கடிதம் கிடந்தது. அதை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நான்னு நெனச்சப்போ போலீஸ், மச்சான்னதும் வீட்டுக்குள்ளயா? எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கீங்க சார். தேதி, பெட்டி, விலை. பேரை மட்டும் மாத்துங்க."

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மதிப்பீட்டாளர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

முதலாளி மச்சானைப் பார்த்தார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். முதலாளி உட்கார்ந்து, அவள் பெயரைப் பேனாவால் ஒரு முறை அடித்தார். தெரிகிறதே என்று இன்னொரு முறை அடித்தார். பிறகு அதற்கு மேலே எழுத ஆரம்பித்தார். கடைசி எழுத்து வரைக்கும் அவள் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.