ஒரு பல் தள்ளி

"ஸ்டார்ட் ஆயிடுச்சு!" என்று அவன் மனைவி சொன்னது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகுதான் இன்ஜின் ஸ்டார்ட் ஆனது.

கையெல்லாம் கிரீஸும் நெற்றியெல்லாம் வியர்வையுமாக, பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, அவன் இன்ஜினுக்கு மேல் குனிந்து நின்றிருந்தான். காருக்குள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவள். சாவியைத் திருப்பு என்று கை காட்டினான். அவள் குரல் வந்தது. கண் இமைக்கும் நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்ஜின் இருமி, உறுமி, ஓடத் தொடங்கியது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாய் திறந்தது, "ஸ்டார்ட் ஆயிடுச்சு!" என்று இரண்டாம் முறையாகக் கேட்டது. தகரக் கூரை போட்ட ஷெட், எதிரொலிக்கிறது என்று நினைத்துக்கொண்டான். எதிரொலி பின்னால்தான் வரும், முன்னால் வராது என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

அவன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். பதினெட்டு வருடமாக அடுத்தவர்களின் தவறுகளைச் சிவப்பு மையில் சுழித்துப் பிழைப்பு நடத்துகிறவன். அந்தத் தைரியத்தில்தான் காரின் டைமிங் பெல்ட்டைத் தானே மாற்றிவிடலாம் என்று இறங்கினான். இன்ஜினின் மேல் சக்கரத்தையும் கீழ்ச் சக்கரத்தையும் ஒரே தாளத்தில் சுற்றவைக்கிற, உட்புறம் பல் வைத்த ரப்பர் பட்டை அது. பழையதில் வெடிப்பு விழுந்திருந்தது. ஓடும்போது அறுந்தால் உள்ளே ஒன்றோடொன்று மோதி இன்ஜினே நாசமாகிவிடும். மெக்கானிக்கைக் கேட்டால் பத்து நாள் கழித்து வரச் சொன்னார். அவளுடைய தங்கைக்கோ நிறைமாதம். போன் வந்த நிமிடமே அவள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியாக வேண்டும். பத்து நாளுக்கு எங்கே போவது?

சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. பேட்டரி வயரைக் கழற்றி, ஜாக்கி வைத்துத் தூக்கி, முன் சக்கரத்தை எடுத்து, பிளாஸ்டிக் மூடியை அவிழ்த்து, அவளுடைய நகப்பூச்சை வாங்கிப் பழைய பெல்ட்டில் இரண்டு குறி போட்டான். ஒரு குறியிலிருந்து மற்றதுவரை பல்லைப் பல்லாக எண்ணினான். நாற்பத்தொன்று. புது பெல்ட்டிலும் நாற்பத்தொன்று எண்ணிக் குறி போட்டு மாட்டினான். ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தபோது மேல் சக்கரத்தின் குறி நூலளவு தள்ளி நின்ற மாதிரி இருந்தது. பார்க்கிற கோணம் அப்படி என்று சமாதானம் செய்துகொண்டான். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சிவப்பு மையால் கிழித்திருப்பான்.

அவளுக்கு அவன் வைத்த பெயர் ரேடியோ. எழுந்தது முதல் படுக்கிறவரை வாய் ஓயாது. பேச ஆள் இல்லாவிட்டால் பாத்திரத்தோடு பேசுவாள், பாத்திரம் அலுத்துவிட்டால் பாடுவாள். பதினொரு வருடம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே குடியிருந்தவன் அவன். அது இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியாது. அதனால்தான் அந்தச் சத்தத்தில் ஏதோ சரியில்லை என்பது அவனுக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது.

முதலில் செருப்பு. அவள் அறையிலிருந்து நடந்து வருகிற சரக் சரக் ஓசை வாசற்படியை எட்டியது, வாசற்படியில் அவள் இல்லை, பிறகு அதே ஓசை மறுபடியும் முதலிலிருந்து வந்து அவளையும் கூட்டி வந்தது. அப்புறம் சிரிப்பு. சமையலறையில் சிரிக்கிறாளே என்று எட்டிப் பார்த்தால், தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தவள் முகத்தில் சிரிப்பே இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் உதடு விரிந்தது, தலை சாய்ந்தது, அந்தச் சிரிப்பு, அதே ஏற்றம் அதே இறக்கத்தோடு, அப்போதுதான் நடந்தது. கடிகாரத்தின் ஓசை ஒரு முறைதான் கேட்டது. தெருவில் போகிற வண்டிகளும் ஒரு முறைதான். அவள் சத்தம் மட்டும் இரண்டு முறை.

இன்ஜினிலும் லேசான தடக் இருந்தது. மெக்கானிக்குக்குப் போன் போட்டான். பெல்ட்டைப் பற்றி மட்டும் சொன்னான்.

"ஒரு பல்லு தள்ளி மாட்டியிருப்பீங்க சார்," என்றார் அவர், எதையோ மென்றுகொண்டே. "குறி போட்ட பல்லையும் சேத்து எண்ணுனீங்களா?"

"ஆமா."

"பழசுல?"

அவன் யோசித்தான். பழையதில் குறியை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து எண்ணியது நினைவுக்கு வந்தது.

"அதான். எல்லாரும் பண்றதுதான் சார், விடுங்க. கழட்டி ஒரு பல்லு மாத்திப் போடுங்க, சரியாயிடும்."

வெளிச்சம் இருக்கும்போதே கழற்றி ஒரு பல் மாற்றிப் போட்டான். அவளே வந்து சாவியைத் திருப்பினாள். இன்ஜின் வெண்ணெய் மாதிரி ஓடியது. "பாத்தீங்களா, என் கை ராசி!" என்று அவள் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. பழைய கோளாறு இருந்திருந்தால், அவள் வாய் திறப்பதற்குச் சில நொடி முன்பே அவன் காதில் விழுந்திருக்க வேண்டிய வாக்கியம் அது. விழவில்லை. அப்பாடா என்றிருந்தது.

அந்த நிம்மதி கை கழுவுகிறவரைகூட நிற்கவில்லை. குழாயடியில் நின்றபோது, பக்கத்தில் யாருமே இல்லாதபோது, "சோப்பு அந்தப் பக்கம் இருக்கு, என்ன தேடுறீங்க?" என்று அவள் குரல் கேட்டது. அவன் தேடவே தொடங்கியிருக்கவில்லை. நாலு நிமிடம் கழித்து, முகத்தில் நுரையோடு, கையிலிருந்து வழுக்கிப்போன சோப்பை அவன் தடவிக்கொண்டிருந்தபோது, அவள் வந்து அதைச் சொன்னாள்.

இடைவெளி குறையவில்லை. வளர்ந்திருந்தது.

அவளிடம் என்னவென்று சொல்வது? ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஷெட்டுக்குப் போனான். பெல்ட்டைப் பழைய தப்பான இடத்துக்கே மாற்றினான். தப்பு என்று தெரிந்தே மாற்றினான். அவள் சாவியைத் திருப்பினாள். இப்போது தடக் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்ஜின் முன்பைவிட மென்மையாக, முன்பைவிட அழகாக ஓடியது. மெக்கானிக்குக்கு மறுபடி போன் போட்டான்.

"வண்டி நல்லா ஓடுதுல்ல?" என்றார் மெக்கானிக். "அப்புறம் எதுக்கு நோண்டிக்கிட்டே இருக்கீங்க? மூடிட்டு வேற வேலையப் பாருங்க சார்."

இந்த முறை இடைவெளி ஐம்பது நிமிடம். கடிகாரத்தை வைத்து இரண்டு தடவை அளந்தான். வீட்டில் இப்போது இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி கூடத்தில் உட்கார்ந்து துணி மடிக்கும்போது, இன்னொருத்தி கண்ணுக்குத் தெரியாமல் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். ஒருத்தி சாப்பிடும்போது இன்னொருத்தி தட்டு கழுவினாள்.

மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. அவள் படுத்துத் தூங்கிப்போனாள். அவன் அச்சகத்தின் புரூஃப் தாள்களை விரித்துவைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தான். ஈர மண் வாசனையும் அவன் நகக்கண்ணில் போகாமல் நின்ற கிரீஸ் வாசனையும் கலந்து வந்தன. அவள் உள்ளே மெல்லிய குறட்டையோடு தூங்கிக்கொண்டிருக்க, அவள் எழுந்துகொள்வது கேட்டது. கட்டிலின் கிறீச். கொட்டாவி. செருப்பு. குழாய். தங்கையோடு பேச்சு. ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. டீ ஆற்றும் ஓசை. அவன் கேட்டுக்கொண்டே வந்தான். சரியாக நாலு பத்துக்கு, மிக அருகில், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து:

"ஏங்க, ஒரு நிமிஷம் என்னப் பாருங்களேன். எனக்கு என்னமோ..."

அவ்வளவுதான்.

அவன் காத்திருந்தான். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ஒரு செருப்புச் சத்தம்? இல்லை. ஓர் இருமல்? இல்லை. மழை பெய்தது. கடிகாரம் ஓடியது. ஐம்பது நிமிடத்துக்கு அப்பால் ரேடியோ நின்றுபோயிருந்தது.

எழுந்து நின்றான். பிறகு பழக்கம்தான் அவனைப் பிடித்து உட்காரவைத்தது. ஒரு புரூஃப் தாளைத் திருப்பிப்போட்டு, காதில் விழுந்த எல்லாவற்றையும் வரிசையாக எழுதினான். பதினான்கு வரி. அவளிடம் மிச்சமிருந்தது அந்தப் பதினான்கு வரிதான்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. முதல் வரியைச் சிவப்பு மையால் டிக் செய்தான். கொட்டாவி, டிக். செருப்பு, டிக். கார் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். விபத்து என்றால் காரில்தானே நடக்கும், சாவி இல்லாமல் அவள் எங்கே போய்விடுவாள்?

"இன்னுமா வலி வரல?" என்று அவள் போனில் தங்கையைக் கேட்டாள். "உன் புள்ள உன்ன மாதிரியே சோம்பேறிடி!" டிக்.

அடுத்த வரியைப் பொய்யாக்க, டம்ளர்களையெல்லாம் அள்ளிப் பரண்மேல் வைத்தான். அவள் வந்து, இதென்ன புதுசா என்கிற மாதிரி பார்த்துவிட்டு, எம்பி ஒன்றை எடுத்தாள். எடுத்தது நழுவியது. உருண்டது. "ஐயோ!"

டிக்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "கொஞ்ச நேரம் பேசாம இரும்மா. ஒரு மணி நேரம். எனக்காக."

"என்ன, ரேடியோவ ஆஃப் பண்ணப் பாக்குறீங்களா?"

எட்டாவது வரி. கேட்டபோது எதற்குச் சொல்கிறாள் என்று புரியாமல் எழுதிவைத்திருந்த வரி. அவனுடைய கெஞ்சலும் அதற்குள் இருந்திருக்கிறது. அவன் குரல் அவனுக்கு முன்கூட்டிக் கேட்காது என்பதுதான் வித்தியாசம்.

"ஏன் பேயடிச்ச மாதிரி இருக்கீங்க?" டிக். பாட்டு முணுமுணுப்பு, டிக். டீ ஆற்றுகிற ஓசை, டிக். மணி நாலு நாற்பத்தெட்டு.

கத்தியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினான். எல்லாம் அந்தப் பெல்ட்டிலிருந்து வந்தது. அது இருந்தால்தானே?

"எங்க போறீங்க? டீ ஆறிடும்!"

பன்னிரண்டாவது வரி. வாசலில் அவன் கால் ஒரு நொடி நின்றது. அப்புறமும் போனான். மூடியை அவிழ்த்து, பெல்ட்டின் மேல் கத்தியை வைத்து அறுத்தான். புது ரப்பர், சீக்கிரம் அறுபடவில்லை. அறுந்ததும் இரண்டு சக்கரங்களும் வெறுமனே நின்றன. நகப்பூச்சுக் குறி இருந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மழையில் நனைந்தபடி திரும்பி வந்தான்.

ஐந்து மணி. அவன் மேசைக்கு இந்தப் பக்கம். அவள் சமையலறையிலிருந்து வந்தாள். செருப்பு, பதின்மூன்று. மேசைக்கு அந்தப் பக்கம் நின்று டீயை வைத்தாள். முள் ஐந்தைத் தொட்டது. தாண்டியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அறுத்துவிட்டேன், தப்பித்துவிட்டாள். டீயை எடுக்கக் கை நீட்டினான். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஐம்பது நிமிடத்தை எண்ணும்போது முதல் நிமிடத்தை விட்டுவிட்டு எண்ணியிருந்தான்.

இன்னும் ஒன்று.

"ஏங்க, ஒரு நிமிஷம் என்னப் பாருங்களேன். எனக்கு என்னமோ..."

அவள் விழவில்லை. நெஞ்சைப் பிடிக்கவில்லை. அவன் பயந்த எதுவும் நடக்கவில்லை. அவள் உதடுகள் தொடர்ந்து அசைந்தன. அவள் வாக்கியத்தை முடித்தாள். முடித்துவிட்டு அவன் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மழை கேட்டது. கடிகாரம் கேட்டது. அவள் மேசையைச் சுற்றி வந்தாள். செருப்பு தரையில் பட்டது. ஓசை இல்லை. அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது. அவள் கண்ணில் இப்போது பயம் வந்துவிட்டது. டம்ளரை எடுத்து மேசையில் ஓங்கி அடித்தாள். டீ சிதறியது. ஓசை இல்லை. கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். அவன் முகத்துக்கு நேராக. அவள் மூச்சின் சூடு அவன் கன்னத்தில் பட்டது.

அவளை இழுத்து அணைத்துக்கொண்டான். நெஞ்சில் காதை வைத்தான். துணி. சூடு. ஏறி இறங்கும் விலா எலும்பு. காதை இன்னும் அழுத்தினான்.

உள்ளே ஒன்றும் இல்லை.

அவன் அழுகிறான் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் கத்துவதை நிறுத்திவிட்டு, அவன் ஈரத் தலையைக் கோதத் தொடங்கினாள். அந்த விரல்களுக்கும் ஓசை இல்லை. சட்டைப்பையில் சாவி அவன் மார்பை உறுத்தியது. கைக்குள் அறுந்த துண்டு.

ஷெட்டிலிருந்து மெல்லக் கேட்கத் தொடங்கியது. பெல்ட் இல்லாத இன்ஜின், ஒரு பல்கூடப் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.