துணைக்கு வந்திருப்பவர்

மூன்றாவது தடவையும் கண்ணில் மருந்து விட்டுப் பஞ்சால் ஒற்றியபடி, "உங்க மிஸிஸ் சைன் பண்ணிட்டாங்க சேர், இனி உள்ள போகலாம்" என்றாள் நர்ஸ் ஸஹ்னா.

சஞ்சீவன் தலையாட்டினான். பிறகுதான் அது காதுக்குள் இறங்கியது. அவனுக்கு மிஸிஸ் கிடையாது. நாற்பத்தாறு வயது வரைக்கும் கிடையாது.

தப்பு அவனுடையதுதான். விழித்திரையைப் படம் எடுக்க வருகிறவர்கள் துணைக்கு ஆள் கூட்டிவர வேண்டும், இல்லாவிட்டால் படம் இல்லை என்பது மாத்தளை டவுனிலிருந்த அந்தக் கண் கிளினிக்கின் சட்டம். கல்யாணத் தரகர்கள் இருபது வருஷம் கேட்ட அதே 'துணைக்கு யாருமில்லையா?' கேள்வியை வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளையொன்று கேட்டதும், பழக்கதோஷத்தில் பொய் சொன்னான். வெளியே நிற்கிறாள். யார்? வைஃப். பேர்? "வாகினி." அந்தப் பேரில் அவனுக்கு ஒருவரையும் தெரியாது. சொன்னபோது காது சூடானது. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.

வேறு வழியுமில்லை. நில அளவைக் கந்தோரில் காணி வரைபடம் வரைகிறவன் அவன். இடது கண் போன வருஷமே, வைத்தியத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுப் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணிலும் இப்போது நேர்கோடுகள் வளைந்தன. ஊரான் வேலி ஒன்று கோணலானால் வெட்டுக்குத்தில் போய் நிற்கும். அதைவிடப் பொய் மலிவு.

வெளி வாங்கில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா பிழையாகக் கையெழுத்து வைத்திருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

கையில் மஞ்சள் சாயம் ஊசியாக ஏறியது. "மேலெல்லாம் மஞ்சளாகும் சேர், நாளைக்குப் போயிரும்" என்றான் படம் எடுக்கிற றிகாஸ்.

"அப்ப இன்னைக்குத்தான் எனக்கு நலங்கு."

றிகாஸ் சிரித்தான். தாடையைக் குளிர்ந்த பலகையில் வைத்து, நெற்றியைப் பட்டியில் அழுத்தி, இமைக்காமல் இருந்தான் சஞ்சீவன். நீல வெளிச்சம் அடித்தது. பிறகு ஊதா இருட்டு. மறுபடி நீலம். வாய்க்குள் இரும்பு ருசி, மூக்கில் ஸ்பிரிட் வாசனை, அதற்கும் அடியில், வருஷக்கணக்காய்த் திறக்காத அலுமாரியின் வாசனை.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான் றிகாஸ், அவன் தோளுக்குப் பின்னால் பார்த்து. "நிழல் விழுது."

டொக்டர் திரையைக் காட்டினார். சாம்பல் நிற வட்டத்துக்குள் வெள்ளைப் புள்ளியொன்று புகைபோல ஊதியிருந்தது. "கசியுது. நடுவுக்கு ரொம்பக் கிட்ட. நாளைக்குக் காலையில லேசர் வைக்கணும். பிந்தினா இதுவும் மத்தக் கண் மாதிரித்தான்."

வெளியே ஸஹ்னா மூன்றாவது ஆளையும் சேர்த்துப் பார்த்துப் பேசுகிறவளைப்போல் பேசினாள். "நாளைக்கு வர முந்தி விடுற மருந்தை மிஸிஸ்கிட்ட குடுத்திட்டேன் சேர். எவ்வளவு நேரம் மங்கலா இருக்கும்னு கேட்டாங்க. அஞ்சாறு மணித்தியாலம்னேன். திரும்பத் திரும்ப விட்டா என்னாகும்னு கேக்கிறாங்க!" சிரித்தாள். "அப்ப தெளியவே தெளியாதுன்னேன்."

உண்மையைச் சொல்ல வாய் திறந்தான். துணையில்லாதவனுக்கு லேசரும் இல்லை. வாயை மூடிக்கொண்டான்.

படிக்கட்டில் மத்தியான வெயில் முகத்தில் சுண்ணாம்பை வீசியது. கடைகள், ஆட்டோக்கள், எல்லாம் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. மெஷினின் தாடைப் பலகையைப் போலக் குளிர்ந்த கை.

இரத்தோட்டை பஸ்ஸில் கண்டக்டர், "நோனா, மஹத்தயாவை ஜன்னல் பக்கம் இருத்துங்க" என்றான், அம்மாவிடம் ஐயாவை ஒப்படைக்கிறவனைப்போல. யார் நீங்கள் என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தான் சஞ்சீவன். மணிக்கட்டில் பிடி இறுகியது. பஸ் நிறைய ஆட்கள். மனைவியிடம் யார் நீ என்று சத்தமாகக் கேட்கிற புருஷனை எந்த ஊரில் நம்புவார்கள்? திரும்பி அந்த முகத்தைப் பார்த்தான். பார்த்த இடத்தில் முகம் இல்லை. சீட்டுக் கம்பிகளெல்லாம் அந்த இடத்தை நோக்கி வளைந்து உள்ளே போயின. பக்கவாட்டில் மட்டும் சேலைத் தலைப்பு தெரிந்தது, அசையாமல்.

ரிவர்ஸ்டன் ரோட்டில் இறங்கினார்கள். வீட்டுச் சாவி அவன் பையிலேயே இருந்தது. அவன் அதை எடுக்க முந்தியே கதவு திறந்தது.

"றமேஸ்!" என்று பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டான். "றமேஸ், வாடா இங்க!"

வேலிக்கு அந்தப் பக்கம் சந்தோஷச் சிரிப்பு. "அண்ணி வந்திருக்காங்க போல! சொல்லவே இல்லையேண்ணே. சரி சரி, நான் தொந்தரவு பண்ணல."

நல்ல பையன். கதவு மூடியது.

சுவரில், பார்வையைச் சோதிக்க டொக்டர் போன வருஷம் கொடுத்த கட்டங்கள் போட்ட தாள் ஒட்டியிருந்தது. அதன் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். கட்டங்கள் தெரிய வரும்போது மருந்து இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது திரும்பிப் பார்ப்பான். கண் தெளிந்தவனுக்கு என்ன பயம்? தகரத்தில் தூறல் விழுந்தது. பின்னால் பிரம்பு நாற்காலி முனகியது. அலுமாரி வாசனை நெருங்கி வந்தது. கையை நீட்டிப் பார்த்தான். மஞ்சள் கை. மணிக்கட்டைச் சுற்றி மட்டும் நான்கு வெளிறிய வரிகள்.

நாலரை மணி வாக்கில் தாளில் ஒரு கோடு தெரிந்தது. இன்னொரு கோடு. நடுப் புள்ளி.

திரும்பிப் பார்க்கப் போனான்.

தாடைக்குக் கீழே ஒரு குளிர்ந்த விரல் வந்தது. தலையை மெதுவாக மேலே நிமிர்த்தியது. சொட்டு.

எரிந்தது. தொண்டையில் கசப்பு இறங்கியது. கோடுகள் கரைந்தன.

எழுந்து ஓடினான். கதவு நிலை வளைந்து நழுவியது. சுவர். மேசை முனை. மறுபடி அந்தக் கை, ஆதரவாக, நோயாளியைப் பிடிப்பதுபோல. நாற்காலி. சொட்டு.

இரவு. விளக்கைச் சுற்றி வெள்ளை வளையம். சொட்டு.

விடிந்தது. வெள்ளை. ஏழு மணி பஸ் ஹோர்ன் அடித்து, நின்று, போனது. அவனுக்கான பஸ்.

ஒன்பதரைக்குப் போன் அடித்தது. கை நீட்டினான். அவனுக்கு முன்னால் யாரோ எடுத்தார்கள்.

"சேர் வரலையா?" ஸஹ்னாவின் குரல், தூரத்தில். "டொக்டர் காத்திட்டிருக்கார். இன்னைக்கு விட்டா கஷ்டம்."

"ஸஹ்னா! தங்கச்சி, நான் இங்க..." உள்ளங்கை ஒன்று அவன் வாயைப் பொத்தியது.

முதல்முறையாக அவன் அந்தக் குரலைக் கேட்டான். நல்ல குரல். வாகினிக்கு ஒரு குரலை அவன் நினைத்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பான்.

"அவர் வரமாட்டார் மிஸ்" என்றது அது. "இனி நான் பாத்துக்கிறேன். துணைக்கு ஆள் இருக்குத்தானே."

போன் வைக்கப்பட்டது. தாடைக்குக் கீழே விரல் வந்தது. அவன் தலை தானாகவே அண்ணாந்துகொண்டது. அந்த முழு வெள்ளைக்கு நடுவில், அவன் கண்ணுக்கு நேர் மேலே, ஒரு சொட்டு தொங்கிப் பெருத்துக்கொண்டிருந்தது.