குழாயை அடைத்த மெழுகு

செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த கட்டியை இன்ஜினியர் திருமுருகன் மேசைமேல் வைத்தான். கறுத்துப்போன டால்டா மாதிரி இருந்தது.

"திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்க எண்ணெய்க் கிணத்துக் குழாயில எடுத்தது மேடம். கச்சா எண்ணெயில இருக்கிற மெழுகு உறைஞ்சு வழியையே அடைச்சிடுச்சு. உறையாம இருக்கத்தான் சொட்டுச் சொட்டா கெமிக்கல் விடுறோம். அதுல பாதியைத் திருடிட்டு ஒருத்தன் தண்ணிய கலந்துட்டான்."

"யாரு?" என்று கேட்டார் ஜன்னத் பீவி. அதிராம்பட்டினத்தில் சோதனைக்கூடம் நடத்துகிறவர். எண்ணெய்க் குழாயில் கோளாறு என்றால் டெல்டாவில் அவரைத்தான் தேடி வருவார்கள்.

"பகலவன். கெமிக்கல் டிரம் மாத்துற கான்ட்ராக்ட் ஆளு. எங்க ஊருதான்."

சொல்லும்போதே இன்ஜினியருக்கு முகம் சுண்டியது. நேற்று எண்ணெய் நிலையத்து கேட் பக்கத்தில், நடவுக்குப் போன பெண்கள் அத்தனை பேரும் நின்று பார்க்க, பகலவனின் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னவன் அவன்தான். திருட்டுக் கெமிக்கலா விழுந்தது? புளிச்சோறு விழுந்தது! ஆனாலும் புகார் எழுதியாயிற்று. நாளை போலீசுக்குப் போனால், பகலவனுக்கு வேலையோடு பேரும் போய்விடும்.

உதவியாளர் பிரதீபாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அந்த ஆளைப் பிடிச்சு விசாரிப்போமா மேடம்?"

"முதல்ல எண்ணெயை விசாரிப்போம்மா."

மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். ஐப்பசி மழையில் வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. நிலையத்துக்குப் பக்கத்தில், வாய்க்காலின் இந்தக் கரையில் கெமிக்கல் டிரம் நின்றது. அந்தக் கரையில், நடவு முடிந்த வயலுக்கு நடுவே கிணறு. ஜன்னத் பீவி செருப்பைக் கழற்றிவிட்டு, சேறு பூசிப் புதிதாக அணைத்த வரப்பில் நடந்து போனார். கிணற்றடிச் சிமெண்டு மேடையில் வட்டமாக ஒரு துருக்கறை. பக்கத்தில் குழாயின் சின்ன வாய் ஒன்றைப் புது போல்ட்டு போட்டு மூடியிருந்தார்கள். இரண்டு பாட்டிலில் சுடச்சுட எண்ணெய் பிடிக்கச் சொன்னார்.

ஒரு பாட்டிலில் அப்போதே டிரம் கெமிக்கலைச் சேர்த்தார். இரண்டையும் வாய்க்கால் தண்ணீரில் ஆறவைத்தார். ஆறிய பிறகு மற்றதிலும் அதே அளவு சேர்த்துக் குலுக்கினார். பிறகு பகலவன் உட்பட எல்லாரையும் ஷெட்டுக்கு அழைத்து, இரண்டையும் கவிழ்த்தார். முதல் பாட்டிலில் எண்ணெய் கடகடவென்று இறங்கியது. இரண்டாவது அசையவே இல்லை.

"ரெண்டும் ஒரே டிரம் கெமிக்கல்தான். தண்ணி கலந்திருந்தா முதல் பாட்டிலும் ஓடியிருக்காது. பகலவன் மேல தப்பில்லை."

"அப்ப ரெண்டாவது ஏன் மேடம் ஓடலை?" என்றாள் பிரதீபா.

"எண்ணெய் சூடா இருக்கிறப்பவே கெமிக்கல் சேரணும். அப்பதான் மெழுகு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. கட்டிப்பட்டப்புறம் ஊத்தி என்ன செய்ய? கிணத்து எண்ணெய் வாய்க்காலுக்கு அடியில வந்து ஆறிடுது. கெமிக்கல் அதுக்கப்புறம்தான் சேருது. ஆனா கிணத்து மேடையில டிரம் நின்ன துரு இருக்கு, கெமிக்கல் விட்ட வாயை மூடின புது போல்ட்டும் இருக்கு. புதுசா அணைச்ச வரப்புல டிரம் வண்டி ஏறக்கூடாதுன்னு யாரோ டிரம்மை இந்தக் கரைக்கு மாத்தியிருக்காங்க. அந்த வயல் யாருது?"

பகலவன் திருமுருகனைப் பார்த்தான். டிரம்மை இழுத்து வந்தவனே பகலவன்தான்.

திருமுருகனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. விவசாயி வீட்டுப் பிள்ளை, உடைந்த வரப்பைப் பார்க்கப் பொறுக்காமல் செய்த காரியம். இதில் என்ன ஆகிவிடும் என்று நினைத்திருந்தான்.

"எங்க பெரியப்பா காயாரோகணத்தோட வயல் மேடம். நான்தான் மாத்தச் சொன்னேன். லாக் புக்கிலகூட எழுதலை."

புகாரைக் கிழித்துப் போட்டான். "மன்னிச்சிடு பகலவா."

"இங்க நாலு பேருதான் சார் இருக்கோம்" என்றான் பகலவன். "நேத்து பாத்தது முப்பது பேரு. என் பொண்டாட்டியும் அதுல நின்னா."

நேற்று நின்று பார்த்த பெண்கள் பக்கத்து வயலில் நட்டுக்கொண்டிருந்தார்கள். திருமுருகன் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வரப்பில் ஏறினான். கால் கூசியது, உடம்பே கூசியது.

"பகலவன் திருடலை. தப்பு என்னுது" என்றான். குரல் பாதியிலேயே உள்ளே போய்விட்டது.

கையில் நாற்று முடியோடு பகலவனின் மனைவி மலர்க்கொடி நிமிர்ந்தாள்.

"சத்தமா சொல்லுங்க சார். கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேக்கலை."