ஆறாம் தேதி நண்பகல் வரை

ஜூலை ஐந்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கே லூயிவில் நகரத்தின் சாலைகளில் தார் இளகத் தொடங்கியிருந்தது. ஆம்புரோஸ் டில்மனின் அலுவலகத்துக்கு வந்த பெண் உட்காரவில்லை. கைப்பையை மேசைமேல் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

அவள் நோரா ஹென்ஷா. ஊரின் கூடைப்பந்து அணிக்கு மேலாளர். அவள் முகம் தெரியாதவர்கள் அந்த ஊரில் குறைவு. தோற்ற நாள்களில் திட்டுவதற்கு ஒரு முகம் வேண்டுமே.

"டேவியன் ரக்கர் நேத்து மதியத்திலிருந்து போனை எடுக்கல" என்றாள். "ஒண்ணாம் தேதி ராத்திரி சாப்பாட்டு மேசையில என் கையைப் பிடிச்சு, நாலு வருஷம் நம்ம அணியிலதான் ஆடுவேன்னு சொன்னவன். இன்னைக்கு அவனோட ஏஜென்ட், 'மனசு மாறிட்டான், பழைய அணியிலயே இருக்கப் போறான்'ங்கறான்."

டில்மன் தலையசைத்தார். அறுபத்து நான்கு வயது. இருபத்தெட்டு வருடம் காப்பீட்டு நிறுவனங்களுக்காகப் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்துக்கொடுத்தவர், இப்போது தனியாகத் துப்பறிகிறவர். எதற்கும் குரலை உயர்த்தாத மனிதர்.

ஜன்னலோரம் நின்றிருந்த அவருடைய கூட்டாளி வெர்னா பாஸுக்கு அந்தப் பொறுமை கிடையாது. முப்பது வருடம் பள்ளி ஆட்டங்களுக்கு நடுவராக ஓடியவள். "கையெழுத்து வாங்க வேண்டியதுதானே?" என்றாள்.

"முடியாதும்மா. லீக் விதிப்படி ஜூலையோட முதல் ஆறு நாள் பேசலாம், ஒத்துக்கலாம், கட்டிப்பிடிக்கலாம். கையெழுத்து மட்டும் ஆறாம் தேதி நண்பகலுக்கு மேலதான். அதுவரைக்கும் வெறும் வாய்ச்சொல். அந்த வாய்ச்சொல்லை நம்பி என்னோட சென்டரை, கூடைக்கடியில ஆடற நெட்டையனை, விட்டுட்டேன். டேவியனுக்கு இடம் வேணுமேன்னு அந்தப் பழைய ஆளோட உரிமையை எழுதிக் கொடுத்துட்டேன். நேத்தே அவனை வேற ஊர் கொத்திக்கிட்டுப் போயிடுச்சு. நாளைக்கு நண்பகலுக்கு இவன் வரலைன்னா என்கிட்ட யாருமே இல்ல. எனக்கு வேலையும் இல்ல."

"அதுக்கு நான் எதுக்கு?" என்றார் டில்மன்.

"என் அறையிலிருந்து யாரோ அவன்கிட்ட என்னமோ சொல்லியிருக்காங்க. பீட் லோமாக்ஸ்னு நினைக்கிறேன், என் உதவியாளர். என் நாற்காலி மேல அவனுக்கு ஒரு கண்ணு. யாருன்னு தெரிஞ்சா, என்ன சொன்னாங்கன்னு தெரியும். அது தெரிஞ்சா டேவியன் மனசை மாத்திடுவேன்."

"பழைய அணி அதிகமா கொடுக்குதா?"

"அதான் புரியல. நான் நாலு வருஷம். அவங்க ரெண்டே வருஷம். அதுவும் குறைச்சல்."

"கடைசியா நீங்க அவருக்கு என்ன அனுப்பினீங்க?"

நோரா போனைத் திறந்து நீட்டினாள். நேற்றுக் காலை பதினொன்றேகாலுக்கு அவள் அலுவலகம் அனுப்பிய கடிதம். ஆறாம் தேதி நிகழ்ச்சிநிரல். வாசலுக்குக் கார். ஏழு மணிக்கு ரத்தம். எட்டுக்கு முட்டி. ஒன்பதரைக்கு ஓடவிட்டு இதயப் பரிசோதனை. பதினொன்றுக்குப் புகைப்படம். நண்பகலுக்குக் கையெழுத்து. கீழே, "வீட்டுக்கு வரவேற்கிறோம்!" என்று ஒரு வரி. டேவியன் இந்த ஊர்ப் பையன்.

டில்மன் அதை இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

*

காரில் போகும்போது வெர்னா வாய் ஓயவில்லை.

"அந்தப் பீட்தான் ஆம்புரோஸ். ஆளைப் பாத்தாலே தெரியும், சிரிக்கும்போது கண்ணு சிரிக்காது."

"டேவியன் உனக்குப் பழக்கமா?"

"பழக்கமாவா! பதினோரு வயசுல அவனுக்கு முதல் ஃபவுல் விசில் ஊதினது நான்தான். கோடைக்குக் கோடை நம்ம பார்க் ஆட்டத்துக்கு வந்துடுவான். ஒன்பது வருஷமா தவறினதில்ல. இந்த வருஷமும் வந்தான். ஆனா ஆடல. விசிலை என்கிட்டேருந்து பிடுங்கி, 'மிஸ் வெர்னா, நான் ஊதறேன், நீங்க உக்காருங்க'ன்னான். அதுவும் ஓடி ஓடி ஊதல. நடுக்கோட்டுலயே நின்னான். நடுவர் நிக்கறதைப் பாத்து எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு."

"போன சீசன்ல அவருக்கு ஏதாவது அடி பட்டதா?"

வெர்னா போனில் தேடினாள். "மார்ச் மாசம். 'குளியலறையில் வழுக்கி மல்லாந்து விழுந்தார். நெஞ்செலும்பின் இருபுறமும் விலா எலும்புகளில் விரிசல். பதினொரு ஆட்டங்கள் ஓய்வு.' அப்புறம் வந்து கிட்டத்தட்ட முழு ஆட்டமும் ஆடியிருக்கான். முப்பத்தெட்டு நிமிஷம்."

டில்மன் காரைச் சற்று வேகமாக ஓட்டினார்.

டேவியனின் வீடு ஆற்றைப் பார்த்து நின்றது. வாசலில் அவன் சித்தி மகன் கோர்டெல், வாயில் பற்குச்சியோடு கதவை மறித்து நின்றான்.

"பத்திரிகைன்னா அப்படியே திரும்பிடுங்க பெரியவரே. வெயிலு வேற. சுருண்டு விழுந்தா தூக்க எனக்கு முதுகு இல்ல."

"கோர்டெல், உனக்கு முதுகும் இல்ல, எடது கையும் இல்ல. அதனாலதான் பள்ளி அணியில பெஞ்சுல உக்காந்த" என்றாள் வெர்னா.

கோர்டெல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பற்குச்சி வாயிலிருந்து விழுந்தது. "ஐயோ, மிஸ் வெர்னா. உள்ள வாங்க."

கூடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் பழைய அணி இருக்கும் ஊரின் அனுப்புநர் முகவரி. ஒன்றிரண்டு திறந்து, துணிகளை அலமாரியில் அடுக்கவும் தொடங்கியிருந்தார்கள். இங்கேயே குடியேற நினைத்தவனின் வீடு அது. மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு மர நாற்காலி கிடந்தது. அதன் காலடியில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில்.

சோபாவிலிருந்து ஒரு வெளுத்த மனிதர் எழுந்து நின்றார். "லைல் க்ரோவர். சான் டியேகோ."

டேவியனின் பழைய அணி. "பயிற்சியாளரா?" என்றார் டில்மன்.

"இல்ல. ஆட்டக்காரங்க உடம்பைப் பாத்துக்கறவன். அடி, சுளுக்கு, கட்டு."

"எப்ப வந்தீங்க?"

"நேத்து சாயங்காலம்." லைல் கைகளைத் தேய்த்துக்கொண்டார். நகங்கள் அடிவரை கடிக்கப்பட்டிருந்தன.

டேவியன் மேலிருந்து இறங்கி வந்தான். ஆறடி பதினோரு அங்குலம். இறங்கும்போதே கைப்பிடியைப் பிடித்திருந்தான். வெர்னாவைக் கண்டதும் முகம் ஒரு நொடி மலர்ந்தது. டில்மன் தன் பெயரையும் நோரா அனுப்பியதையும் சொன்னார்.

"மனசு மாறிடுச்சு மிஸ்டர் டில்மன். அவ்வளவுதான். யாரும் ஒண்ணும் சொல்லல. நோராகிட்ட சாரின்னு சொல்லிடுங்க."

"நாளைக்குப் பதினொரு மணிக்கு நீங்களே சொல்லலாம். அவங்களைக் கூட்டிக்கிட்டு வரேன். நண்பகலுக்கு முன்னாடி கால் மணி நேரம் கொடுங்க."

டேவியன் லைலைப் பார்த்தான். லைல் தரையைப் பார்த்தார்.

"முகத்தைப் பாத்துச் சொல்றதுதான் மரியாதைடா" என்றாள் வெர்னா.

"சரி. வாங்க."

*

மறுநாள் பதினொன்றே காலுக்கு ஐந்து பேர் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டில்மன் மட்டும் நின்றார். கோர்டெல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருந்தான். வெளியே தொலைக்காட்சி வண்டிகள்.

"உங்க அறையிலிருந்து யாரும் பேசல, நோரா" என்று தொடங்கினார் டில்மன். "பீட் லோமாக்ஸ் உங்க நாற்காலிக்கு ஆசைப்படலாம். ஆனா இதுல அவருக்குப் பங்கில்ல. டேவியன் மனசை மாத்தினது நீங்க."

"நானா?"

"உங்க கடிதம். முந்தாநேத்து காலை பதினொண்ணேகாலுக்குப் போச்சு. மதியம் போன் அணைஞ்சுது. அதுல புதுசா என்ன இருந்துச்சு? ஊரைப் பத்தி அவருக்குத் தெரியும். சம்பளம் முன்னாடியே பேசினது. ஒரே ஒரு வரிதான் புதுசு. ஒன்பதரை மணி."

நோரா போனை எடுத்து அந்தக் கடிதத்தைத் திறந்தாள். டேவியன் அசையவில்லை.

"கூடுதல் பணத்தை விட்டுட்டு ஒருத்தர் குறைச்சலுக்குப் போறார்னா, அங்க பணத்தைவிடப் பெரிசா ஏதோ கிடைக்குது. பழைய அணி என்ன கொடுக்குது? பரிசோதனை இல்லாத கையெழுத்து. 'உன்னை எங்களுக்குத் தெரியும், எதுக்குடா டெஸ்ட்?' சரியா, மிஸ்டர் க்ரோவர்?"

லைல் கட்டைவிரல் நகத்தைக் கடித்தார்.

"ஒரு நட்சத்திரத்தை வளைக்கணும்னா முதலாளி வருவார், பயிற்சியாளர் வருவார், கூட ஆடறவங்க நாலு பேர் வருவாங்க. சான் டியேகோ அனுப்பினது கட்டுக் கட்டறவரை. இவர் காவல் காக்க வந்தது டேவியன் மனசை இல்ல, உடம்பை. இருபத்தேழு வயசு ஆட்டக்காரர் வீட்டுல மாடிப்படி நடுவுல நாற்காலி எதுக்கு? ஒன்பது வருஷம் ஆடின பார்க்ல நடுக்கோட்டுலயே நின்னு ஏன் விசில் ஊதணும்?"

"நாற்காலியைப் போட்டது நான்" என்றான் கோர்டெல் மெதுவாக. "மூச்சு வாங்குதுன்னான். வெயிட் ஜாஸ்தியாயிடுச்சுன்னு கிண்டல் பண்ணேன்."

டேவியன் பெருமூச்சு விட்டான். "சரி, இருக்கு. துடிப்புல சின்னத் தடுமாற்றம். மாத்திரை போடறேன். லைல்தான் சொன்னான், புது டாக்டர் பாத்தா மிரண்டுபோய் ஆட்டத்தையே நிறுத்திடுவான்னு. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான் மிஸ்டர் டில்மன். இதை நிறுத்தினா நான் யாரு? நெட்டையா ஒருத்தன்."

கடிகாரம் பதினொன்று நாற்பதைக் காட்டியது. திடீரென்று அவன் நோராவின் பக்கம் திரும்பினான்.

"நோரா, எனக்கு இந்த ஊருதான் வேணும். அந்த ஒன்பதரை மணி டெஸ்ட்டை லிஸ்ட்லேருந்து அடிச்சுட்டா, கொடுத்த வாக்கைக் காப்பாத்தறேன். இப்பவே."

நோரா கைப்பையைப் பார்த்தாள். அதற்குள் ஒப்பந்தம் இருந்தது. குற்றவாளிகளின் முகங்களைப் பார்த்தே வாழ்நாளைக் கழித்தவர் டில்மன். நோராவின் முகத்தையும் பார்த்தார்.

"முட்டியை மட்டும் பாத்தா போதும்னு எங்க டாக்டர்கிட்ட சொல்லலாம்" என்றாள் நோரா. குரல் மிகச் சாதாரணமாக இருந்தது.

"அடிப்பாவி!" என்றாள் வெர்னா.

லைலின் போன் அதிர்ந்தது. படித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "எங்க ஆளுங்க மூணாவது வருஷமும் சேத்துத் தர்றாங்களாம்."

"டேவியன்" என்றார் டில்மன், "மார்ச்ல எந்த எலும்பு உடைஞ்சுது? காட்டுங்க."

அவன் புரியாமல் இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சின் நடுவில், இரண்டு பக்கமும் வைத்தான். "இங்க, இங்க. ஷவர்ல மல்லாந்து விழுந்தேன்."

"விழுந்தது ஞாபகம் இருக்கா?"

"இல்ல. முழிச்சப்ப லைல் பக்கத்துல இருந்தான். அவன்தான் சொன்னான்."

"மல்லாந்து விழுந்தா முதுகு அடிபடும், மண்டை அடிபடும். பக்கவாட்டுல விழுந்தா ஒரு பக்க எலும்பு போகும். நெஞ்செலும்புக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணா முறியறது விழுந்து முறியறது இல்ல. இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரிச் சீட்டு படிச்சிருக்கேன். யாரோ மேல ஏறி, முழு பலத்தோட, திரும்பத் திரும்ப அமுக்கினா அப்படி முறியும். அப்படி அமுக்கறது ஒரே ஒரு சமயத்துலதான்."

லைல் க்ரோவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"ரெண்டு நிமிஷம்" என்றார் கைகளுக்குள்ளிருந்து. "காலையில தனியா ஓடிக்கிட்டிருந்தே டே. அப்படியே சாஞ்சே. நாடி இல்ல. அமுக்கினேன். எலும்பு உடையற சத்தம் கேட்டுச்சு, நிறுத்தல. மெஷின் வெச்சு ஷாக் கொடுத்தப்பறம்தான் வந்தே. ஷவர்னு சொல்லச் சொன்னாங்க. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குடா. சொல்லிட்டேன்."

"ஷவர்ல விழுந்து மயங்கிட்டேன்னு சொன்னே" என்றான் டேவியன்.

"மயக்கம் இல்ல. நீ செத்துட்டே."

கோர்டெல் அவர்மேல் பாயப் போனான். வெர்னா அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். டேவியன் நெஞ்சிலிருந்து கைகளை எடுக்கவேயில்லை, எடுத்தால் ஏதோ விழுந்துவிடும் என்பதுபோல.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"மேல இருக்கிற எல்லாருக்கும்."

"தெரிஞ்சுதான் முப்பத்தெட்டு நிமிஷம் ஆட விட்டீங்க."

லைல் தலையசைத்தார்.

நண்பகல் ஆனது. அறையிலிருந்த எல்லா போன்களும் ஒரே நேரத்தில் அலறின. நாடெங்கும் ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போடத் தொடங்கியிருந்தார்கள். நோரா எழுந்தாள். ஏதோ சொல்ல வந்தவள், வெர்னாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

டேவியன் தன் போனை அணைத்துச் சோபாவில் போட்டான்.

"மிஸ் வெர்னா, நீங்க ஓட்டறீங்களா? ஆஸ்பத்திரிக்கு."

"எழுந்திரு. மெதுவா."

கதவு திறந்ததும் புகைப்படக்காரர்கள் கத்தினார்கள். எந்த அணி, எந்த அணி என்ற கேள்விகள் வெயிலோடு சேர்ந்து அடித்தன. வாசலிலிருந்து காருக்கு முப்பது அடி இருக்கும். மூன்றே தாவலில் மைதானத்தின் பாதியைக் கடக்கிற கால்கள் அவை. அந்த முப்பது அடியை டேவியன் ரக்கர் ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்துக் கடந்தான். லைல் க்ரோவர் அவனுக்கு ஓரடி பின்னால், இரண்டு கைகளையும் சற்று விரித்தபடி நடந்தார்.