அத்திக் குளவியும் அலங்கார எருமையும்

திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்துக்குள் எருமை நுழைந்தபோது தலைமையாசிரியரே எழுந்து நின்றார். கழுத்தில் சாமந்தி மாலை, கொம்பில் சலங்கை, நெற்றியில் குங்குமம். பின்னால் அதைவிடப் பெருமையாக நடந்து வந்தான் பண்ணை வீட்டுச் சீனுவாசன்.

ஐந்தாம் வகுப்புத் தையல்நாயகிக்கு வயிறு எரிந்தது. அவளும்தான் பொருட்காட்சிக்கு ஓர் உயிரைக் கொண்டுவந்திருந்தாள். மருந்துப் புட்டிக்குள் இருந்த அத்திக் குளவிக்கு யார் எழுந்து நின்றார்கள்? எறும்பைவிடச் சின்னதான அது வந்ததே பலருக்குத் தெரியாது.

"எருமை சாப்பிட்டாச்சா?" என்று தலைமையாசிரியர் மரியாதையாக விசாரித்தார்.

'என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?' என்று தையல்நாயகி பொருமினாள்.

செடிகொடி தின்னும் உயிர்களில் பெரிய தீனிக்காரர் யார் என்பதுதான் போட்டி. ஜெயிப்பவர் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். விழுப்புரத்திலிருந்து போட்டோக்காரர் வந்திருந்தார். சீனுவாசன் வீட்டுச் சுவரில் அவனுடைய போட்டோ மூன்று தொங்கின. தையல்நாயகியை இதுவரை யாரும் ஒரு படமும் எடுத்ததில்லை.

"எங்க எருமை தெனம் அரை வண்டிப் புல்லு தின்னும். உன் குளவி?" என்றான் சீனுவாசன்.

"ஒரு வெதை."

"தெனமுமா?"

"மொத்தமே ஒண்ணுதான்."

வகுப்பே சிரித்தது. அவள் வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே பார்த்தபடியே நின்றாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்தது.

இன்ஸ்பெக்டர் வந்ததும், "தினம் அரை வண்டிங்க ஐயா," என்றார் தலைமையாசிரியர், தானே தின்றதுபோல.

தையல்நாயகி முன்னால் வந்தாள். "ஐயா, போன வாரம் ஒத்திகைக்கு வந்தப்போ இந்த எருமை அந்த வேலியோரம் மேஞ்சிக்கினு இருந்துச்சுங்க. அது மொட்டையா மேஞ்ச எடம், இப்ப பாருங்க."

மழை பெய்திருந்தது. புல் பச்சைப்பசேலென்று தளிர்த்திருந்தது.

குளவி வெளிவந்த அத்திப்பழத்தை அவள் பிட்டுப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். "இந்த வெதைல ஓட்டை தெரியுதுங்களா? குளவி புழுவா இருந்தப்போ உள்ளயே இருந்து தின்னுடுச்சு. ஒண்ணுதான் தின்னுச்சு. ஆனா இது இனிமே மொளைக்காதுங்க. ஒரு அத்தி மரமே போச்சு."

"ஒரே வாயில ஒரு மரம்," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க எருமையால முடியுமா?"

எருமையே பதில் சொல்லட்டும் என்பதுபோலத் தலைமையாசிரியர் அதைப் பார்த்தார்.

தையல்நாயகி ஜெயித்துவிட்டாள். ஆனால் போட்டோக்காரர் புட்டியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இது படத்துல விழாதே பாப்பா."

சீனுவாசன் ஓரமாக நின்று அவளையே முறைத்துக்கொண்டிருந்தான். காலையில் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"டேய் சீனு, எருமையப் புடிச்சிக்கினு வா," என்றாள். "என் குளவி ஒக்கார எடம் வேணும்."

எருமையின் நெற்றியில் புட்டியைக் கவிழ்த்தாள். குளவி உட்கார்ந்ததா, பறந்ததா, யாருக்கும் தெரியவில்லை. இன்ஸ்பெக்டருக்கு இந்தப் பக்கம் தையல்நாயகி, அந்தப் பக்கம் எருமையும் சீனுவாசனும். தலைமையாசிரியரின் முகத்தில் பாதியைக் கொம்பு மறைத்துவிட்டது.

அந்தப் படம் பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டப்பட்டது. "குளவி எங்கே?" என்று கேட்பவர்களுக்குத் தையல்நாயகி எருமையின் நெற்றியில் விரல் வைத்துக் காட்டுவாள்.

"அங்க இல்ல, இன்னும் கொஞ்சம் எடப்பக்கம்," என்று உடனே வந்து திருத்துவான் சீனுவாசன். "எங்க எருமை மேல ஒக்காந்தது எனக்குத் தெரியாதா?"