இடிநத்தையை எடுத்தது யார்?

மதியம் மூன்று மணி. இன்ஸ்பெக்டர் அம்மா பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தார். மரத்துப்போக ஊசி போட்டாகிவிட்டது. அது வேலை செய்யும்வரை சும்மா இருப்பானேன் என்று பல் டாக்டர் மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, தன் கையடக்கக் கேம் மெஷினை எடுத்து முடுக்கினார்.

அடுத்த நொடி அவர் போட்ட சத்தத்தில், வெளியே பெஞ்சில் முறைக்காகக் காத்திருந்த ஒருவர் பல்வலி தீர்ந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

"அண்ணி! என் நத்தையக் காணோம்!"

துப்பறியும் கதை என்றால் முதல் பத்தியிலேயே ஒரு பிணமாவது கிடக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். கைவசம் இருந்தது ஒரு நத்தைதான். அதையும் காணவில்லை.

ஆனால் சாதாரண நத்தை இல்லை. 'காட்டரசர்கள்' என்ற கேம் வரிசையின் நான்காம் பாகத்தில், காடு காடாக அலைந்து விலங்குகளைப் பிடித்துச் சேர்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான விலங்குகள் உண்டு. அரசர்கள் மூன்றே மூன்று. அதில் ஒன்று இடிநத்தை. முதுகில் ஓட்டுக்குப் பதிலாக ஒரு கருமேகம். நடை நத்தை நடைதான், ஆனால் ஒரு முறை முறைத்தால் எதிரே நிற்பது எருமையானாலும் கரியாகிவிடும். ஒரு மெஷினில் அது ஒரே ஒரு தடவைதான் தலைகாட்டும். பிடிக்க முடியாமல் ஓடவிட்டால் ஓடினதுதான்.

டாக்டர் அதைப் பிடித்தவர். அதுவும் எப்படி? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விலங்கைப் பிடிக்கிற மந்திர வளையங்களை ஒவ்வொன்றாக வீசிச் சலித்து, சோபாவிலேயே தூங்கிப்போய்விட்டார். கண் விழித்தால் நத்தை கூண்டுக்குள். தூக்கத்தில் விரல் தானாக அமுக்கிவிட்டது! ஊரில் உள்ள கேம் கிளப் முழுக்க இதே பேச்சு. 'தூங்கிக்கொண்டே பிடித்த டாக்டர்' என்று படம் போட்டுப் போஸ்டரே அடித்துவிட்டார்கள். நாளைக்கு இறுதிப் போட்டி. டாக்டர் முதல்முறையாக இறுதிக்கு வந்திருக்கிறார்.

"நல்லாத் தேடிப் பாத்தியா?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் டாக்டருடைய கணவரின் அக்கா. பாதி உதடு மரத்துப்போய் அவர் குழறியதை எல்லாம் நானே நேராக்கி எழுதிக்கொண்டு போகிறேன்.

"கூட்டத்துல ஆறு இருக்கணும் அண்ணி. மத்த அஞ்சும் இருக்கு, பச்சைக் கோட்டுல தெம்பாத்தான் நிக்குது. இது மட்டும் இல்ல!"

"செத்துருச்சா?"

"இந்த கேம்ல எதுவும் சாகாது, மயக்கம்தான் போடும். காணாமப் போறதுக்கு ரெண்டே வழி. ஒண்ணு, திரும்பக் காட்டுல விட்டுடணும். இல்லேன்னா இன்னொரு மெஷினைப் பக்கத்துல வெச்சு அதுக்கு மாத்திக்கணும்."

"சரி, கண்டுபிடிக்கிறேன். முதல்ல இந்தப் பல்லை முடி."

"நத்தை கிடைக்காம நான் டிரில்லைத் தொட மாட்டேன்."

இருபது வருட சர்வீஸில் இன்ஸ்பெக்டரை மிரட்டியவர்கள் உண்டு. வாயில் பஞ்சை வைத்துவிட்டு மிரட்டியவர் இவர்தான். ஊசியின் வேகம் இறங்குவதற்குள் வழக்கு முடிந்தாக வேண்டும்.

காலையில் மெஷினை வைத்தது டாக்டர். மத்தியானம் மாடி வீட்டுக்குச் சாப்பிடப் போயிருக்கிறார். அந்த நேரத்தில் இந்த அறைக்குள் வரக்கூடியவர்கள் மூன்று பேர். மூவருமே அலறல் கேட்டு வாசலில் வந்து நின்றிருந்தார்கள்.

முதலில் டாக்டரின் தம்பி. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். எதிரே யார் வந்தாலும் அவர் வலது கால் தானாக பிரேக்கைத் தேடும்.

"மத்தியானம் இங்க வந்தியா?"

"வந்தேன் மேடம். சாப்பாடு இருக்கான்னு பாக்க."

"மெஷினைத் தொட்டியா?"

"தொட்டேன். பாத்தேன். வயிறெரிஞ்சேன். வெச்சுட்டேன்."

"இவ்வளவு வெளிப்படையாச் சொல்றே?"

"பின்ன என்ன மேடம்? நான் ஏழு வயசுலேர்ந்து இந்த கேம் ஆடுறேன். இந்த அக்காவுக்கு 'எப்படி ஆன் பண்றது'ன்னு சொல்லிக் கொடுத்ததே நான். எனக்கு ஒரு அரசனும் சிக்கல. இவ தூங்குறா, நத்தை தானா வந்து கூண்டுல ஏறுது! எனக்கு எரியாம யாருக்கு எரியும்?"

"நீ பாக்குறப்ப அது எப்படி இருந்துச்சு?"

தம்பியின் முகம் மலர்ந்தது. "செவப்புக் கோட்டுல, ஒரு மூச்சுதான் பாக்கி. அற்புதமான வேலை மேடம். அதைத் திருடுறவன் அப்படியே அலுங்காமத் திருடணும்."

அடுத்து, எல்லோரும் 'மாவு' என்று கூப்பிடுகிறவர். பின்னறையில் பிளாஸ்டர் மாவு குழைத்துப் பல்செட் செய்கிறவர். கிளப்பின் செயலாளரும் அவரே. முழங்கை வரை வெள்ளையாக, பேய் வேஷத்தைப் பாதியில் கலைத்தவர்போல வந்து நின்றார்.

"அதென்ன செவப்புக் கோடு?"

"உயிர் குறையக் குறையத் தலைக்கு மேல இருக்கிற பச்சைக் கோடு செவந்துடுங்க. இடிநத்தைக்குக் 'கடைசி மூச்சு'ன்னு ஒரு அடி இருக்கு. உயிர் எவ்வளவு குறைவோ அடி அவ்வளவு பலம். அதனால போட்டிக்கு முந்தியே அடி வாங்க வெச்சு வாங்க வெச்சு, மயக்கம் போடுறதுக்கு ஒரு நூல் முன்னாடி நிறுத்திக் கொண்டுவரணும். டாக்டர் காலையில பூரா அதைத்தான் பண்ணிட்டு இருந்தாங்க."

"ஆமா," என்றார் டாக்டர் மூக்கை உறிஞ்சியபடி. "அதுக்குக் காவல் நின்ன மத்த அஞ்சும் குத்துயிரும் குலையுயிருமா ஆயிடுச்சு. அவ்வளவு பாடுபட்டு!"

"குணப்படுத்தவே முடியாதா?"

"முடியாம என்ன? வைத்தியர் குடிசைன்னு ஒண்ணு இருக்கு. உள்ள நுழைஞ்சா ஆறும் சேர்ந்து எந்திரிச்சு உக்காந்துக்கும்," என்றார் மாவு. "ஆனா போட்டிக்கு முந்தி குடிசைக்குப் போறவனை எங்க கிளப்ல மனுஷனாவே மதிக்க மாட்டோம்."

"உங்களுக்கு டாக்டர் மேல பொறாமை உண்டா?"

மாவு தன் வெள்ளைக் கைகளைப் பார்த்துக்கொண்டார். "எனக்கு முன்னாடியும் நத்தை வந்துச்சுங்க. கை ஈரம். பட்டன் வழுக்கிடுச்சு. ஓடிப் போயிடுச்சு. டாக்டர் ஒவ்வொரு தடவை அந்தத் தூக்கக் கதையைச் சொல்றப்பவும் நான் பின்னறைக்குப் போய் யாரோ ஒருத்தரோட கடைவாய்ப் பல்லை ராவிட்டு இருப்பேன்."

மூன்றாவது ஆள் டாக்டரின் கணவர். பக்கத்துக் கதவு, மூக்குக்கண்ணாடிக் கடை. பவர் பார்த்து, லென்ஸ் தேய்த்து, மாட்டிவிட்டு, 'இப்ப தெரியுதா?' என்று கேட்கிற சாதுவான மனிதர். அந்தப் போஸ்டரைத் தன் கடைக் கண்ணாடியில் தானே பசை தடவி ஒட்டியவர்.

"நான் டிபன் பாக்ஸ் எடுக்க இந்த வழியாப் போனேன்க்கா. அவ்வளவுதான். அதை ஆன் பண்ணக்கூட எனக்குத் தெரியாது."

"அது நிஜம் மேடம்," என்று தம்பி முந்திக்கொண்டார். "மாமா டிவி ரிமோட்டையே தலைகீழாத்தான் பிடிப்பாரு. அவரை விட்டுடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரரும் சிரித்தார், அரை நொடி தாமதமாக.

இன்ஸ்பெக்டருக்குக் கீழ் உதட்டில் எறும்பு ஊர ஆரம்பித்தது. நேரம் நெருங்குகிறது. அவர் மெஷினை வாங்கித் திரையைப் பார்த்தார். அடர்ந்த காடு, ஒரு சின்னக் கூரை, அதன் வாசலில் ஒரு பொம்மை மனிதன். வரிசையில் ஐந்து விலங்குகள், ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் பளபளவென்று பச்சைக் கோடு.

அவர் யாரையும் பார்க்காமல், பள்ளிக்கூடம் போகும் தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்யும் ஓர் அக்காவின் குரலில் கேட்டார்:

"ஏன்டா, பாவம், அது ரொம்ப அடிபட்டுக் கிடந்துச்சா?"

"உயிரே ஊசலாடிட்டு இருந்துச்சுக்கா!" என்றார் கண்ணாடிக்காரர். "மேகமெல்லாம் கிழிஞ்சு, கண்ணை மூடிக்கிட்டு... யாராவது ஒரு ஜீவனை அப்படி விட்டுட்டு சாப்பிடப் போவாங்களா?"

தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே மெல்லத்தான் உறைத்தது.

"ஆன் பண்ணத் தெரியாதவனுக்கு மேகம் கிழிஞ்சது எப்படித் தெரியும்?" என்றார் இன்ஸ்பெக்டர். "காலையில ஆறும் குத்துயிரா இருந்துச்சுன்னு இவளே சொல்றா. இப்போ மிச்சம் அஞ்சும் தெம்பா இருக்குன்னும் இவளே சொல்றா. பதட்டத்துல ரெண்டையும் சேர்த்துப் பாக்கல. நடுவுல யாரோ குடிசைக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. கிளப் ஆளுங்களுக்கு அந்தச் செவப்புக் கோடுதான் சொத்து, அதைக் கெடுக்க மாட்டாங்க. வஞ்சம் தீர்க்க வந்தவன் வைத்தியம் பாக்க மாட்டான். கேம் தெரிஞ்சிருக்கணும், கிளப் வழக்கம் தெரியக் கூடாது, அடிபட்டதைப் பாத்தா மனசு தாங்கக் கூடாது. சின்ன வயசுல சுவர்ல அடிபட்ட பல்லிக்குப் பஞ்சு சுத்தினவன் இவன் ஒருத்தன்தான்."

"மாத்திக்கிட்டு அப்புறம் வைத்தியம் பாத்திருக்கலாமே மாமா?" என்றார் தம்பி, தொழில்முறை ஆதங்கத்தோடு.

"அதுவரைக்கும் தாங்குமோன்னு பயந்துட்டேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து பெரிய குளிர்க்கண்ணாடிக் கூடு ஒன்றை எடுத்துத் திறந்தார். உள்ளே இன்னொரு கேம் மெஷின். திரையில் கருமேகத்துக்குக் கீழே இடிநத்தை கொழுகொழுவென்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

"ஏன்?" என்றார் டாக்டர். அவ்வளவுதான் கேட்க முடிந்தது.

"அந்த ஞாயித்துக்கிழமை..." கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ தூங்கிட்ட. கையில ஒரே ஒரு வளையம் பாக்கி. நத்தை எதிர்ல நிக்குது. பேட்டரி தீரப் போகுதுன்னு சிமிட்டுது. சார்ஜர் கீழ கிளினிக்ல இருந்துச்சு. எழுப்பலாம்னுதான் நினைச்சேன். முந்தின நாள் பூரா நீ நின்னுக்கிட்டே வேலை பாத்திருந்தே. உன் தோள் மேலருந்து எட்டிப் பாத்துப் பாத்து எனக்கும் கொஞ்சம் பழகியிருந்துச்சு. வீசினேன். மாட்டிக்கிச்சு. திரும்ப உன் கையில வெச்சுட்டேன்."

"நான்... தூக்கத்துல..."

"நீ எழுந்து குதிச்சப்ப சொல்ல மனசு வரல. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். மறுநாள் கிளப்ல சொல்லிட்டே. அப்புறம் நோயாளிங்ககிட்ட. பல்லைப் பிடுங்குறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் அந்தக் கதைதான். நான் கொடுத்ததுதானே, சந்தோஷமா இருக்கட்டும்னுதான் இருந்தேன். ஆனா கொடுத்த கைக்கே எரிய ஆரம்பிச்சுடுச்சு. ரகசியமா ஒரு மெஷின் வாங்கி, கடையில உக்காந்து ஆடினேன். எனக்கு ஒரு அரசனும் வரல. நேத்து அந்தப் போஸ்டரை ஒட்டச் சொன்னே பாரு. பசை காயற வரைக்கும் ரெண்டு கையாலயும் உன் படத்தைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன்."

அவர் இரண்டு மெஷின்களையும் அருகருகே வைத்து நத்தையை மனைவியின் பக்கம் மாற்றினார். ஒரு சின்ன இடி முழங்கி அடங்கியது.

"எடுத்துக்க. தப்புதான்."

டாக்டர் நத்தையைப் பார்க்கவில்லை. "ஒரே வளையமா?"

"ஒண்ணுதானே இருந்துச்சு."

"ஒரே வளையத்துல பிடிச்சியா?" இந்த முறை குரல் கீச்சிட்டது. கணவர் திருடன் என்று தெரிந்தபோதுகூட அவர் முகம் இப்படிச் சிவக்கவில்லை.

மாவு தொண்டையைச் செருமினார். "டாக்டர், விதி உங்களுக்கே தெரியும். அரசனை யார் பிடிச்சாங்களோ அவங்கதான் களத்துல இறக்கணும். ஆனா..." அவர் கூரையைப் பார்த்தார். "மாவு குழைக்கிறப்ப எனக்குக் காது சரியாக் கேக்காது. இப்பப் போய்க் குழைக்கணும்."

"எனக்கும் டிரைவிங் கிளாஸ் இருக்கு," என்றார் தம்பி நகராமல்.

"நானும் ஒண்ணும் சொல்லப் போறதில்லை," என்றார் கண்ணாடிக்காரர். "நீயே போ. இவ்வளவு தூரம் வந்துட்டே."

டாக்டர் மெஷினை ஒரு முறை இறுக்கிப் பிடித்தார். பிறகு அதைக் கணவரின் மடியில், கொஞ்சம் பலமாகவே, வைத்தார்.

"மாவு, நாளைக்குப் பேரை மாத்திடுங்க."

"ஐயோ வேண்டாம்!" கண்ணாடிக்காரர் பதறினார். "எனக்குச் சண்டை போடத் தெரியாது. அதை அடி வாங்க வைக்கவும் என்னால முடியாது."

"முடியும். சொல்லித் தரேன். அண்ணி பல்லை முடிச்சுட்டு வரேன், அதுவரைக்கும் தொடாதே." டாக்டர் கையுறையைச் சரக்கென்று இழுத்து மாட்டினார். இன்ஸ்பெக்டர் அவசரமாக வாயைத் திறந்துகொண்டார்.

"நாளைக்கு முன்வரிசையில உக்காந்து கைதட்டுவேன்," என்றார் டாக்டர், டிரில்லைக் கையில் எடுத்தபடி, கணவரைத் திரும்பிப் பார்க்காமல். "ஆனா நீ மட்டும் ஜெயிச்சே, ஒரு வாரத்துக்கு எங்கூடப் பேசாதே. சொல்லிட்டேன்."

கண்ணாடிக்காரர் சரி என்று தலையாட்டினார். தன்னைப் பார்த்தும் ஒருவர் பொறாமைப்படப்போகும் அந்த ஒரு வாரத்தின் மேல் அவருக்கு இப்போதே ஆசை வந்துவிட்டிருந்தது.