துண்டு போட்ட கட்டில்

அந்தக் கட்டிலின் நட்டநடுவில் ஒரு பச்சை மப்ளர் கிடந்தது.

பிரின்ஸி அதை இரண்டு விரலால் தூக்கிப் பக்கத்து நாற்காலியில் போட்டாள். இன்ச் டேப்பை விரித்தாள். நீளம் சரி... அகலமும் சரி. கீழே பிடித்து இழுத்தால் இன்னொரு கட்டில் வழுக்கிக்கொண்டு வருகிறது. தள்ளினால் இருந்த சுவடே தெரியாமல் உள்ளே போய்விடுகிறது. இதேதான்.

"அது ஆளு புடிச்ச கட்டிலுங்க."

கடை வாசலில் ஒருவன் டீ கிளாஸோடு நின்றான். அவனுக்குப் பின்னால் நாயுடுபுரம் கடைத்தெரு முழுக்க மழை. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு புடிச்சா?"

"நான்தான். மப்ளரப் போட்டுட்டுத்தான டீக்குப் போனேன்..."

"துண்டு போட்டு எடம் புடிக்கிறதுக்கு இது என்ன வத்தலக்குண்டு பஸ்ஸாங்க?"

"பஸ்ஸா இருந்தா மட்டும், துண்ட எடுத்து வச்சிட்டு உக்காந்துருவீங்களாக்கும்?"

"உக்காருவேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. உட்கார்ந்தே விட்டாள். பள்ளிக்கூடத்தில் பி.டி. மிஸ். அவள் ஒரு பார்வை பார்த்தால் எட்டாம் வகுப்பே வரிசையில் நிற்கும். இவன் என்னடாவென்றால் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு உதட்டுக்கு வருமுன்பே கண்ணுக்கு வந்துவிடுகிறது... சே, இவன் கண்ணை எதற்கு நான் பார்க்கிறேன்?

அவளுக்கு வேறு கவலை இருந்தது. சனிக்கிழமை திண்டுக்கல்லிலிருந்து அப்பா செபாஸ்டின் வருகிறார். ஓர் இரவு தங்குகிறார். போனிலேயே தீர்ப்பை எழுதி வைத்துவிட்டார். "ஒரு மனுசன் வந்தா படுக்க எடமில்லாதது வீடா? அது லாட்ஜு ரூமு. நான் வந்து பாப்பேன். சரியில்லைன்னா மூட்டையக் கட்டிட்டுக் கெளம்பு, இங்கனயே ஒரு பள்ளிக்கூடம் பாத்துக்கலாம்." மாடியில் ஒற்றை அறை, ஓரமாய் ஓர் அடுப்படி. அவள் சம்பாத்தியத்தில், அவள் பெயரில் எடுத்த வீடு. அதைக் கட்டில் இல்லாத குற்றத்துக்காக இழப்பதா?

அதற்காகத்தான் கடை கடையாக ஏறி இறங்கினாள். சோபாவாகவும் கட்டிலாகவும் மாறுகிற ஒன்று இருந்தது. அவள் வீட்டு மாடிப்படி திருப்பத்தில் அது திரும்பாது. சுவரில் மடக்கி வைக்கும் கட்டில் அழகுதான். ஆனால் வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே விடமாட்டார், இதில் மழைக்காலமெல்லாம் அந்தச் சுவர் வேர்த்து வழியும். இரும்பு மடக்குக் கட்டில் புரண்டு படுத்தால் தெருவுக்கே கேட்கும். அப்பாவோ தூக்கத்தில் புரண்டுகொண்டே இருக்கிற ஆள். மிஞ்சியது இந்த இழுப்புக் கட்டில். அதுவும் ஒன்றே ஒன்று.

"உங்களுக்கு எதுக்கு இது?" என்றாள்.

"எங்கக்காவுக்கு. பாச்சலூர்ல இருந்து மாசம் ஒருக்கா வருவாங்க. அவங்களுக்குக் கட்டில விட்டுட்டு நான் தரையில படுக்கேன். மறுநா இடுப்பு நிமிர மாட்டேங்குது. ஜீப்பு ஓட்டுறவனுக்கு இடுப்புதானங்க எல்லாம்."

"அக்கா இந்த வாரம் வர்றாங்களா?"

"அடுத்த மாசம்."

"எங்கப்பா சனிக்கிழமை வர்றாரு. கட்டில் இல்லைன்னா எல்லாம் முடிஞ்சது. என்னைக் கையோட கூட்டிட்டுப் போயிருவாரு."

அவன் முகத்திலிருந்து விளையாட்டு போய்விட்டது. மப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டான். "அப்பாவுக்காக விடுறேன். உங்களுக்காக இல்ல... நீங்க எடுத்து வச்ச விதம் சரியில்ல."

"சரிங்க சார்."

"சார் இல்ல. ஆக்னல். என் ஜீப்புலயே கொண்டாந்து எறக்கிருவோம்."

உள்ளே தலையணை அடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் குருநாதன் இதையெல்லாம் அரையும் குறையுமாகக் கேட்டிருந்தார். ஒரு பையன், ஒரு பொண்ணு, ஒரு கட்டில், சனிக்கிழமை அப்பா வருகிறார்... நாற்பது வருஷமாகக் கல்யாணச் சீருக்குக் கட்டிலும் பீரோவும் கொடுத்துப் பழகிய மனுஷனுக்கு வேறென்ன தோன்றும்? இரண்டு பேர் பெயரையும் கேட்டுக்கொண்டார். "சனிக்கிழமை வெள்ளனே வாங்க. அப்பா பாத்து மலைச்சுப் போற மாதிரி ஒரு சின்ன வேலை செஞ்சு வைக்கேன். அதுக்குக் காசு கெடையாது" என்றார்.

பாலிஷ் போடுவார் என்று நினைத்துக்கொண்டாள் பிரின்ஸி.

சனிக்கிழமை காலையில் மழை இல்லை, பனிமூட்டம். எதிர்வீடு தெரியவில்லை. கயிறு சுற்றி, அட்டை வைத்துக் கட்டிய கட்டிலை இருவருமாகப் படியேற்றினார்கள். திருப்பத்தில் பாரம் முழுக்க அவள் பக்கம் சாய்ந்தது. அவள் அசையவில்லை.

"மிஸ்... வலிக்கலையா?"

"நீங்க வெரசா ஏறுங்க, அது போதும்."

அவன் மேலே, அவள் கீழே. நடுவில் கட்டில். அதன் விளிம்புக்கு மேலே அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. மூச்சு வாங்கியது... பாரத்தினால்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவ்வளவு உறுதியாகச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவன் கிளம்பிப் போன சூட்டோடு அப்பா வந்து நின்றார். அவளைக் கயிற்றை அவிழ்க்க விடவில்லை. தானே அவிழ்த்தார், அட்டையைப் பிரித்தார், உள்கட்டிலை ஒரு இழு இழுத்தார்.

பக்கப்பலகையில் சிவப்புப் பெயிண்டில் இரண்டு புறா. நடுவில் கொட்டை எழுத்தில்: ஆக்னல் – பிரின்ஸி.

அப்பா இழுத்த கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். "கட்டில் வாங்கி, பேரெழுதி... எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தான் அப்பனக் கூப்புட்டியா?"

"முடிச்சிருந்தா கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருப்பேன்ப்பா. படுத்துப் பாக்கவா கூப்பிடுவேன்?"

குரல் நடுங்காமல்தான் சொன்னாள். சொன்ன கையோடு, ஜீப்புக்காக வாங்கி வைத்திருந்த ஆக்னலின் நம்பரை அழுத்தினாள். "உங்க வேலைதான இது? கட்டில விட்டுக் குடுத்துட்டு, அதுல என் பேரோட உங்க பேர எழுதித் துண்டு போட்டு வச்சீங்களா?"

"கேக்காம ஒரு பொண்ணு பேரோட என் பேர ஒட்டிக்கிறவன் நான் இல்லைங்க" என்றான். அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

அவன் கோபப்படக்கூட இல்லை. அது அவளுக்கு அப்பாவின் கோபத்தைவிட அதிகம் வலித்தது.

"பையக் கட்டு" என்றார் அப்பா. "சாயங்கால பஸ்ஸுக்குப் போயிரலாம்."

"மாட்டேன்ப்பா. தப்பு யாரு செஞ்சதுன்னு தெரியாம நான் எறங்க மாட்டேன்."

மதியம் தாண்டிக் கதவு தட்டப்பட்டது. ஆக்னல். ஒரு கையில் பெயிண்ட் அழிக்கிற தின்னர் டப்பா, இன்னொரு கையில் பழைய துணி. பக்கத்தில், நெற்றி நிறையத் திருநீறோடு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு குருநாதன்.

"சீர்க்கட்டில்னு நெனச்சுப்புட்டேங்க" என்றார் குருநாதன் அப்பாவிடம். "நம்ம கடையில சீருக்கு வாங்குற கட்டிலுக்கெல்லாம் பேரெழுதிக் குடுக்கறதுதான். ரெண்டும் சண்ட போட்ட லட்சணத்தப் பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். இந்தத் தம்பி ஒண்ணும் அறியாது."

ஆக்னல் அவள் பக்கம் திரும்பவே இல்லை. முழங்கால் போட்டு உட்கார்ந்து, தன் பெயரை அழுத்தித் துடைத்தான். ஆ போயிற்று. க் போயிற்று. பிரின்ஸிக்கு, ஒவ்வோர் எழுத்தாக யாரோ தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போவது போலிருந்தது... எப்போதிலிருந்து இப்படி?

தன் பெயர் போனதும் எழுந்து துணியை மடித்தான்.

"அவ பேரு கெடக்கே, அதையும் அழிச்சிருங்க தம்பி" என்றார் அப்பா.

"அது அவங்க கட்டிலுங்க. அவங்க சம்பாதிச்சு, அளந்து பாத்து வாங்குனது. அவங்க வீட்டுல அவங்க பேரு இருந்துட்டுப் போகட்டுமே." குரலில் சூடில்லை, மரியாதை இருந்தது. சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். குருநாதனும் பின்னாலேயே போனார்.

செபாஸ்டின் அறையைச் சுற்றிப் பார்த்தார். துவைத்துக் காயப்போட்ட விசில் கயிறு, சாமி படம், சுவரோரம் அடுக்கிய பாத்திரங்கள், நடுவே மகளின் பெயர். பிறகு சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

"கம்பளி இருக்கா? குளிருதே."

அவ்வளவுதான் தீர்ப்பு. அன்றிரவு அவர் புரண்டு புரண்டு படுத்தார், கட்டில் ஒரு சத்தம் போடவில்லை. ஞாயிறு பூசை முடிந்து பஸ் ஏறும்போது, "அடுத்த தடவ உங்கம்மாளும் வருவா. கொஞ்சம் தோசைமாவு ஆட்டி வையி" என்றார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, யாரிடமோ சொல்வதுபோல, "அந்தப் பய நல்ல பய" என்றும் சொன்னார்.

பஸ் போனதும் அவள் நேரே ஜீப் ஸ்டாண்டுக்கு நடந்தாள். ஆக்னல் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் துணி நின்றது.

"நேத்து போன்ல பேசினது தப்பு. மன்னிச்சிருங்க" என்றாள்.

"பரவால்லைங்க. சோலி முடிஞ்சது."

"முடியல. எங்கப்பா கட்டில்ல படுத்துட்டாரு, நான் தப்பிச்சுட்டேன். உங்க அக்கா எங்க படுப்பாங்க?"

"நான்தான் தரையில..."

"இடுப்பு போயிரும். அக்காவ எங்க வீட்டுல தங்கச் சொல்லுங்க."

அவன் கண்ணில் அந்தச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "யாரு வீடுன்னு அக்கா கேப்பாங்களே. என்னன்னு சொல்ல?"

மழை பிடித்துக்கொண்டது. சுற்றிலும் எல்லோரும் ஒதுங்க ஓடினார்கள். பிரின்ஸி நின்ற இடத்திலேயே நின்றாள். ஓடி ஒளிகிற பழக்கம் அவளுக்கு என்றைக்கும் கிடையாது.

"எனக்கு உங்களப் புடிச்சிருக்குன்னு சொல்லுங்க. நீங்க பேர அழிக்கையில எனக்கு அழுகை வந்துச்சுன்னு சொல்லுங்க."

ஆக்னல் அவளையே பார்த்தான். நனைந்த இமை, நேராகப் பார்க்கும் கண்... "நானுல்ல மொதல்ல சொல்லணும்னு இருந்தேன்" என்றான் மெல்ல. "படியில கட்டிலத் தூக்குனப்பவே சொல்லியிருப்பேன். மூச்சு வாங்குச்சு."

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப நானும் கூட வரலாமா, அக்காவோட?" என்று கேட்டான். "விருந்தாளியா?"

"அக்கா விருந்தாளியா வரட்டும்" என்றாள் பிரின்ஸி. "நீங்க விருந்தாளியா வர வேண்டாம்."